யார்னிங்கேல் தொட்டிப்பாலம்

பேரணைகளையும் நெடும்பாலங்களையும் குறித்து எழுதிய வரலாற்றாசிரியர் பலர். ஓடைக்கு மேலே கிடக்கும் சிறியதொரு வாய்க்காற் பாலத்தைக் குறித்து எழுதியவரோ சிலர். ஆயினும், நீர்வழியொன்றின் உயிர் அதன் மிகப் பெரிய கட்டடத்தில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. குளக்கட்டு ஒரு முழ அகலத்துக்கு உடைந்தாலும் குளம் முழுவதும் வற்றிவிடுமன்றோ? கால்வாய்க்கும் அந்நியதியே பொருந்தும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வாரிக்சயர் மாவட்டத்தில், யார்னிங்கேல் என்னுமிடத்தில் உள்ள 42 அடி நீளமான இரும்புத் தொட்டிப்பாலத்தின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது. ஒருமுறை வெள்ளத்தால் அழிந்தும், மறுமுறை சட்டத்தால் அழியவிருந்தும், அஃது இன்றும் படகுகளைத் தாங்கி நிற்கின்றது. இரு முறையும் அதனைக் காத்தவை வெவ்வேறு ஆற்றல்கள். அவ்வேறுபாடே இங்கு ஆராயத்தக்கது.

ஈண்டுக் கால்வாய் என்பது வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்காலைக் குறிக்காது. சரக்கேற்றிய படகு செல்வதற்கென மனிதர் வெட்டிய நீர்த்தெருவைக் குறிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே கைத்தொழிற் புரட்சி தோன்றியபோது, நிலக்கரியையும் இரும்பையும் சுண்ணாம்பையும் பெருந்தொகையாக எடுத்துச் செல்ல வேண்டிய தேவை உண்டாயிற்று. சேறும் பள்ளமும் நிறைந்த சாலைகள் அச்சுமையைத் தாங்கவில்லை. வண்டியில் ஒரு தொன் சரக்கை இழுக்கத் திணறும் குதிரை, அமைதியான நீரில் மிதக்கும் படகிலே ஏறக்குறைய 25 தொன் சரக்கை எளிதில் இழுத்துச் செல்லும். இந்த எளிய கணக்கே நூற்றுக்கணக்கான மைல் நீளமான கால்வாய்கள் தோன்றுவதற்குக் காரணமாயிற்று.

ஆறு தன் வழியைத் தானே தேர்ந்து தாழ்வை நாடி ஓடும். கால்வாயோ மட்டமாகக் கிடக்க வேண்டும். நிலம் தாழ்ந்தவிடத்தில் படகை இறக்குதற்கும், உயர்ந்தவிடத்தில் ஏற்றுதற்கும், இருபுறமும் கதவிட்ட அறைகளைக் கட்டினர். அறையுள் நீரை விட்டால் படகு உயரும்; நீரை வடித்தால் படகு தாழும். இவற்றை நீர்ப்பூட்டுகள் என்பர். குறுக்கே ஆறோ ஓடையோ சாலையோ வந்தால், அதன்மேற் பாலமிட்டு, அப்பாலத்தின் வழியே கால்வாயின் நீரையே கொண்டு செல்ல வேண்டும். இதுவே தொட்டிப்பாலம் எனப்படுவது. பாலத்தின் கீழும் நீர், மேலும் நீர். மேலுள்ள நீரிற் படகு.

இங்கிலாந்தின் தொடக்ககாலத் தொட்டிப்பாலங்கள் கல்லாலும் செங்கல்லாலும் ஆனவை. 1761ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியியலாளர் பார்ற்றன் என்னுமிடத்தில் இர்வெல் ஆற்றின் மேலே கால்வாயைக் கொண்டு சென்றபோது, அதனைக் காண மக்கள் திரண்டனர். கல் வளைவின் மேலே நீர் கசியாதிருத்தற் பொருட்டு, களிமண்ணை நீர்விட்டுப் பிசைந்து, மிதித்து, தடித்த படையாகப் பரப்புவர். அக்களிமண்ணின் பாரமும், நீரின் பாரமும், அவற்றைத் தாங்கும் கல்லின் பாரமும் சேர, பாலங்கள் மிகவும் பருத்தனவாகவும் செலவு மிக்கனவாகவும் அமைந்தன. வார்ப்பிரும்பு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்நிலை மாறிற்று. 1796ஆம் ஆண்டில் டாபி நகரில் பெஞ்சமின் அவுற்றம் என்பவரும், 1797ஆம் ஆண்டில் லோங்டன் என்னும் ஊரில் தோமஸ் ரெல்போட் என்பவரும் இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று பிணைத்துத் தொட்டிகள் அமைத்தனர். 1805ஆம் ஆண்டில் வேல்சு நாட்டின் பொன்ற்கிசில்ற்றே என்னுமிடத்தில், 1,007 அடி நீளமும் 126 அடி உயரமும் உடைய பெரும் இரும்புத் தொட்டி திறந்து வைக்கப்பட்டது. இப்பெரும் பாலத்தின் எளிய உறவினரே யார்னிங்கேற் பாலம் எனலாம்.

இப்பாலம் அமைந்துள்ள கால்வாய் ஸ்ட்ராற்போட் கால்வாய் என்பது. நாடகப் பேராசிரியராகிய ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராற்போட் நகரைப் பர்மிங்காம் நகரின் தொழிற்றுறைப் பகுதியோடு இணைப்பதற்காக 1793ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே வடமுனையில் வேலையும் தொடங்கிற்று. ஆயினும் பணம் போதவில்லை. வேலை நிற்பதும் தொடர்வதுமாக, 1802ஆம் ஆண்டிலேதான் கால்வாய் கிங்ஸ்வூட் என்னுமிடம்வரை வந்து, அங்கே வாரிக் - பர்மிங்காம் கால்வாயோடு சேர்ந்தது. அதன்பின் பத்தாண்டுகள் தெற்கு நோக்கி ஓரடியேனும் நகரவில்லை.

தெற்குப் பகுதிக்கு உயிர் கொடுத்தவர் வில்லியம் ஜேம்ஸ் என்பவர். நிலவளவையாளராகவும் செல்வராகவும் விளங்கிய இவர் தம் பொருளை இம்முயற்சியில் இட்டார். வில்லியம் விற்மோர் பொறியியலாளராகப் பணியாற்ற, 1812ஆம் ஆண்டில் வேலை மீண்டும் தொடங்கிற்று. 1816ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆந் தேதி முதற் படகுகள் ஸ்ட்ராற்போட்டை அடைந்தன. சட்டம் நிறைவேறி இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. இதிலே வியப்பானதொன்று உண்டு. நீர்வழிக்கு உழைத்த அதே ஜேம்ஸ், புகையிரதப் பாதைகளை முதன்முதல் வலியுறுத்தியவர்களுள் ஒருவருமாவார். அம்முயற்சிகளிலேயே தம் செல்வத்தை இழந்து, கடனாளியாகி, 1837ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர் முடித்துவைத்த கால்வாயைப் பிற்காலத்தில் வீழ்த்தியதும் அவர் விரும்பி வளர்த்த புகையிரதமேயாகும்.

பணமின்மையின் அடையாளத்தை இத்தெற்குப் பகுதி எங்கணும் காணலாம். குறைந்த செலவில் வேலையை முடிக்க வேண்டியிருந்தமையாற் பொறியியலாளர் பல புதிய வழிகளைக் கண்டனர். வயல்களுக்கிடையே அமைந்த சிறு பாலங்களின் அடியிற் குதிரை நடக்கும் பாதைக்கு இடமில்லை. இடம் விட்டால் வளைவு அகலும். வளைவு அகன்றாற் செலவு பெருகும். ஆகவே, இருகரையினின்றும் நீட்டிய இரும்புப் பாதிகள் இரண்டை நடுவிலே ஒன்றோடொன்று தொடாதவாறு அமைத்தனர். குதிரை பாலத்தைச் சுற்றிச் செல்ல, படகை இழுக்கும் கயிறு அந்த இடுக்கினூடே கழன்று வரும். கயிற்றை அவிழ்க்க வேண்டிய வேலையில்லை. நீர்ப்பூட்டுக் காவலரின் வீடுகளும் அவ்வாறே விநோதமானவை. அவற்றின் கூரை கூடார வண்டியின் கூரைபோல் அரைவட்டமாக வளைந்திருக்கும். பாலம் கட்டப் பழகிய கொத்தர், பாலத்துக்குரிய மரச்சட்டங்களையே வைத்து வீட்டுக்கும் வளைவிட்டனர் என்பர்.

இத்தெற்குப் பகுதியில் ஏறக்குறைய நான்கு மைல் தூரத்துக்குள் மூன்று இரும்புத் தொட்டிப்பாலங்கள் உள்ளன. தென்கோடியிலுள்ள எட்ஸ்டன் பாலம் 475 அடி நீளமுடையது; இங்கிலாந்தின் தொட்டிப்பாலங்களுள் மிக நீளமானது அதுவே. நடுவிலுள்ள வூற்றன் வாவென் பாலம் நெடுஞ்சாலையைக் கடப்பது. வடக்கே உள்ள யார்னிங்கேல் பாலம் இம்மூன்றனுள்ளும் சிறியது; ஒரு சிற்றோடையைக் கடப்பது. இங்கிலாந்தின் ஒடுங்கிய கால்வாய்களில் ஓடிய சரக்குப் படகுகள் ஏறக்குறைய 70 அடி நீளமும் 7 அடி அகலமும் உடையன. ஆதலின், அத்தகைய படகொன்று யார்னிங்கேற் பாலத்தின் மேலே செல்லும்போது, அதன் தலை பாலத்துக்கு அப்பாலும் வால் இப்பாலும் நீண்டிருக்கும். படகிலும் சிறிய பாலம் அது.

இம்மூன்று பாலங்களுக்கும் பொதுவான சிறப்பொன்று உண்டு. பொன்ற்கிசில்ற்றேயில் நடைபாதை தொட்டியின் உள்ளே, நீருக்கு மேலாகத் தூக்கி அமைக்கப்பட்டுள்ளது. அங்கே நடப்பவர் நீரைக் கீழே நோக்குவர். யார்னிங்கேலிலும் அதன் இரு உடன்பிறப்புகளிலுமோ, நடைபாதை தொட்டியின் வெளிப்புறத்தில், அதன் அடித்தட்டின் மட்டத்திலே செல்கின்றது. அப்பாதையில் நடப்பவர்க்குப் பக்கத்திலே இரும்புச் சுவர். சுவருக்கு அப்பால், அவர் பாதங்களினும் மிக உயர்ந்த மட்டத்தில் நீர். அந்நீரின் மேலே படகு. குதிரையும் இவ்வாறே தாழ நின்று, உயர மிதக்கும் படகை இழுத்துச் சென்றது. இவ்வமைப்பினால் தொட்டி படகின் அகலத்தைவிடச் சிறிதே அகன்றிருந்தாற் போதும். இரும்பும் நீரின் பாரமும் குறையும். ஆனால் ஒரு குறையும் உண்டு. படகு முன்னேறும்போது விலகும் நீர் பின்னே வருவதற்கு இடம் போதாமையால், படகு மெதுவாகவே ஊர்ந்து செல்ல வேண்டும்.

தொட்டிப்பாலங்களின் இயல்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. வண்டியேறும் பாலம் வண்டியின் பாரத்தைப் புதிதாகத் தாங்க வேண்டும். தொட்டிப்பாலத்துக்கோ படகு வந்தாலும் வராவிட்டாலும் பாரம் ஒன்றே. மிதக்கும் பொருள் தன் பாரத்துக்குச் சமமான நீரை விலக்கும் என்று ஆர்க்கிமிடீசு கண்ட விதியே இதற்குக் காரணம். 25 தொன் நிலக்கரியோடு படகு வந்து நின்றாலும், அதன் முழுப்பாரத்துக்கும் ஒத்த நீர் விலகிக் கால்வாயினுட் பரவிவிடுகின்றது. ஆகவே பாலத்தின் பகை படகன்று. கட்டுக்கடங்காத நீரே அதன் பகை.

அப்பகை 1834ஆம் ஆண்டில் வந்தது. அதனை அனுப்பியது வானமன்று, அயலிலுள்ள கால்வாய். கிங்ஸ்வூட்டிலே ஸ்ட்ராற்போட் கால்வாயோடு சேரும் வாரிக் - பர்மிங்காம் கால்வாயின் கரை அவ்வாண்டில் உடைந்தது. தேங்கியிருந்த நீரெல்லாம் பள்ளத்தை நாடிப் பாய்ந்து, ஓடையிற் புகுந்து, யார்னிங்கேலில் அப்போது இருந்த பாலத்தை அடித்துச் சென்றது. ஒரு கால்வாயின் உடைப்பு மற்றொரு கால்வாயை அறுத்தது. பாலம் அற்றவுடன் ஸ்ட்ராற்போட்டுக்கு நிலக்கரி செல்லும் நேர்வழியும் அற்றது. அதன் தெற்கே இருந்த நீர்ப்பூட்டுகளும், மற்றை இரு பாலங்களும், நகரத்துத் துறைகளும் பயனற்றுப்போகும் நிலை உண்டாயிற்று. சிறிய பாலத்தின் பெருமை அன்று விளங்கிற்று. அவ்வாண்டிலேயே வார்ப்பிரும்பாற் புதிய பாலம் அமைக்கப்பட்டது. இன்று காணப்படுவது அப்பாலமே. எவரும் அதனைக் காக்கும்படி விண்ணப்பிக்கவில்லை. எவரும் அதன் அழகைப் புகழவில்லை. வாணிகம் அதனை வேண்டிற்று. ஆதலின் அது உடனே எழுந்தது.

ஆனால் வாணிகத்தின் துணை என்றும் நிலைப்பதன்று. புகையிரதப் பாதைகள் பெருகவே சரக்கு அவற்றை நாடிற்று. 1856ஆம் ஆண்டில் கால்வாய் ஒரு புகையிரதக் கம்பெனியின் உடைமையாயிற்று. 1863ஆம் ஆண்டில் கிறேற் வெஸ்ரேண் என்னும் பெரிய கம்பெனியின் கைக்கு மாறிற்று. போட்டியாளன் கையிற் சிக்கிய கால்வாய் எவ்வாறு செழிக்கும்? எட்ஸ்டன் பாலத்தின் அடியிற் புகையிரதப் பாதையும் ஓடிற்று. மேலேயுள்ள கால்வாயினின்று குழாய் வழியே இறங்கிய நீரைப் புகையிரத எந்திரங்கள் ஒருகாலத்தில் நிரப்பிக்கொண்டன. தன்னை வென்றவனுக்கே கால்வாய் தாகம் தீர்த்தது எனலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தெற்குப் பகுதியிற் படகுகள் அருகின. நீர்ப்பூட்டுகளின் மரக்கதவுகள் உளுத்தன. சேறும் நாணலும் நீர்வழியை நிரப்பின.

இந்நிலையிலே கால்வாய்களைப் பற்றிய புதிய எண்ணமொன்று பிறந்தது. 1944ஆம் ஆண்டில், எல். ரி. சி. ரோல்ற் என்னும் எழுத்தாளர், தம் படகிலே கால்வாய்களிற் பயணஞ்செய்த அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அந்நூலை வாசித்து உள்ளம் நெகிழ்ந்த ரொபேட் ஐக்மன் என்பவர் அவரோடு சேர, 1946ஆம் ஆண்டில் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றிற்று. இவர்கள் கண்ட உண்மை ஒன்று: நீர்வழியிற் செல்லும் பொதுமக்களின் உரிமை ஏட்டில் இருந்தாற் போதாது, அதனைக் கையாண்டுகொண்டே இருத்தல் வேண்டும். கால்வாயின் வடபகுதியில், லிபேட் என்னுமிடத்தில், தூக்குபாலம் இருந்தவிடத்தில் நிலையான தாழ்ந்த பாலமொன்று இடப்பட்டுப் படகுவழி அடைபட்டிருந்தது. பிரபுக்கள் சபையில் இதுபற்றிக் கேள்வி எழுந்தபோது, முன்னறிவித்தல் கொடுத்தால் பாலம் உயர்த்தப்படும் என்று விடை வந்தது. 1947ஆம் ஆண்டு மே மாதத்தில் ரோல்ற் அறிவித்தல் கொடுத்துத் தம் படகோடு வந்து நின்றார். கம்பெனியார் வேறு வழியின்றிப் பாலத்தைத் தூக்க, படகு அடிதட்டி உராய்ந்து அப்பாற் சென்றது. சென்ற தூரம் சிறிது. நிலைநாட்டிய உரிமை பெரிது.

1948ஆம் ஆண்டில் கால்வாய் அரசுடைமையாயிற்று. பத்தாண்டுகளின் பின், 1958ஆம் ஆண்டில், இறுதித் தீர்ப்பின் வேளை வந்தது. பழுதுற்ற சாலைப் பாலமொன்றைப் படகு செல்லத்தக்கவாறு திருப்பிக் கட்டுவதற்குப் பெருஞ்செலவாகும் என்பதைக் கண்ட வாரிக்சயர் மாவட்ட சபையார், தெற்குக் கால்வாயையே கைவிடுவதற்குரிய ஆணையை வேண்டி விண்ணப்பித்தனர். சபையாரைக் கொடியவர் என்று கூறுதல் தகாது. படகு செல்லாத கால்வாய்க்காக மக்களின் வரிப்பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்பது அவர் வாதம். மூன்றாண்டுகளாக எவரும் இக்கால்வாயைப் பயன்படுத்தவில்லை என்பதே அதற்கு அடிப்படை. ஆணை கிடைத்திருப்பின், பாலத்தின் அடியில் மண் நிரப்பப்பட்டிருக்கும். பதின்மூன்று மைல் நீளமான நீர்வழி சட்டத்தின் முன் இறந்ததாகியிருக்கும். யார்னிங்கேற் பாலமும் நீரில்லாத இரும்புப் பெட்டியாகத் துருப்பிடித்துக் கிடந்திருக்கும்.

அவ்வாதத்தை முறியடித்தது ஒரு சிறு கடதாசித் துண்டு. அந்த மூன்றாண்டுகளுக்குள்ளே சிறுதோணியிற் சென்றோர் இக்கால்வாயைப் பயன்படுத்தியிருந்தனர். முறைப்படி கட்டணம் செலுத்திப் பெற்ற சீட்டு அவர்களிடம் இருந்தது. அச்சீட்டு வெளிப்படுத்தப்பட்டதும், எவரும் பயன்படுத்தவில்லை என்னும் கூற்று நிலைபெறாது போயிற்று. 1959ஆம் ஆண்டில் அமைச்சர் ஆணை வழங்க மறுத்தார். சேற்றையும் நாணலையும் விலக்கித் தோணி தள்ளிச் சென்றோர், தாம் பெரியதொரு கால்வாயைக் காக்கின்றோம் என்று எண்ணியிருப்பாரோ? கட்டணம் சிறிதென்று அதனைக் கொடாது சென்றிருப்பின், சாட்சியே இராது. 1834இல் நிலக்கரிப் படகுகள் சொன்ன சாட்சியை, 1958இல் அந்தச் சீட்டுச் சொல்லிற்று.

ஆணை மறுக்கப்பட்டதனால் மாத்திரம் கால்வாய் உயிர் பெற்றுவிடவில்லை. உளுத்த கதவுகள் உளுத்தபடியே இருந்தன. 1960ஆம் ஆண்டில், பழைய மாளிகைகளையும் இயற்கை வனப்புடைய நிலங்களையும் காத்துவந்த தேசிய நம்பிக்கைப்பொறுப்பு நிறுவனம் தெற்குக் கால்வாயைக் குத்தகைக்கு ஏற்றது. கட்டடக் கலைஞராகிய டேவிட் ஹச்சிங்ஸ் திருத்த வேலைக்குத் தலைமை தாங்கினார். 1961ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. பதின்மூன்று மைல், முப்பத்தாறு நீர்ப்பூட்டுகள். பெரிய ஒப்பந்தக்காரரை அமர்த்தப் பணமில்லை. விடுமுறை நாட்களில் வந்த தொண்டர்களும், படைவீரர்களும், பர்மிங்காமிலுள்ள வின்சன் கிறீன் சிறைச்சாலையின் கைதிகளும் வேலை செய்தனர். சேற்றை அள்ளினர், சரிந்த சுவர்களைக் கட்டினர், புதிய கதவுகளை ஏற்றினர். குடிமகனும் போர்வீரனும் கைதியும் ஒரே பள்ளத்தில் இறங்கி மண்வெட்டி பிடித்த அந்தக் காட்சி அந்நாட்டுக் கால்வாய் வரலாற்றிலே புதியது.

1964ஆம் ஆண்டு யூலை மாதம் 11ஆந் தேதி, எலிசபெத் இராணியாரின் அன்னையார் ஸ்ட்ராற்போட்டிலே கால்வாயை மீண்டும் திறந்துவைத்தார். அவ்வாண்டு ஷேக்ஸ்பியர் பிறந்து நானூறு ஆண்டுகள் நிறைவெய்திய ஆண்டுமாகும். பத்தாண்டுகளின் பின், 1974ஆம் ஆண்டில், ஸ்ட்ராற்போட்டுக்குக் கீழேயுள்ள ஏவன் ஆற்றுவழியும் ஹச்சிங்ஸ் தலைமையிலே திருத்தப்பெற்றுத் திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட கால்வாயைத் தொண்டர் கையாற் புதுப்பித்தல் கூடும் என்பது ஸ்ட்ராற்போட்டிலே மெய்ப்பிக்கப்பட்டபின், இங்கிலாந்தின் பல பாகங்களிலும் அம்முயற்சி பரவிற்று. தேசிய நம்பிக்கைப்பொறுப்பு நிறுவனம் 1988ஆம் ஆண்டில் கால்வாயை அரசின் நீர்வழிச் சபையிடம் ஒப்படைத்தது. 2012ஆம் ஆண்டு முதல், கால்வாய்களையும் ஆறுகளையும் பேணும் அறநிலையமொன்று அதனை நிருவகித்து வருகின்றது.

இன்று யார்னிங்கேற் பாலத்தின் மேலே நிலக்கரி செல்வதில்லை. ஓய்வு நாளைக் கழிக்க வருவோரின் படகுகள் எந்திர விசையால் மெல்லச் செல்கின்றன. பழைய குதிரைப் பாதையில் மக்கள் உலாவுகின்றனர். பாலமும் காக்கப்பட வேண்டிய கட்டடங்களின் பட்டியலிற் சேர்ந்துள்ளது. பாலத்தின் வடிவம் 1834இல் இருந்ததே. அதனை வேண்டுவோர் மாத்திரம் மாறியுள்ளனர். அன்று அதனை எழுப்பியவர்கள் இலாபத்தை நாடினர். பிற்காலத்தில் அதனைக் காத்தவர்கள் தம் முன்னோரின் உழைப்பு வீணாகலாகாது என்று கருதினர். இரு காலத்திலும் பாலத்தைக் காத்தது ஒன்றே: அதன் மேலே எவரேனும் சென்றுகொண்டிருந்தமை. கல்லும் இரும்பும் வலியனவாயினும், வழங்காத வழி விரைவில் அழியும். அடர்ந்த நாணலின் நடுவே ஒரு தோணியேனும் சென்றிருப்பின், அவ்வழி அழிந்ததன்று.